டெல்டாவிலிருந்து ஒரு நாள் மலை நடை: தனியாகப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஊர் நீடாமங்கலம் பக்கம். வயது 46. தினமும் விடியற்காலையில் ஆற்றங்கரையோடு, வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு வரை நடந்து திரும்புகிற பழக்கம் உண்டு. ஒரே ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, தன்னந்தனியாக ஒரு மலையில் நடந்துவிட்டு வரவேண்டும். குழுவோடு போகப் பிடிக்கவில்லை, கோயில் யாத்திரையாகவும் வேண்டாம். எந்த மலை, எப்படிப் போவது? கடைசியில், “உனக்கென்ன பைத்தியமா என்று வீட்டில் கேட்கிறார்கள்” என்று ஒரு வரி.

மலையின் பெயரைச் சொன்னால் பதில் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எங்கே போவது என்பது ஒன்று. சமதரையிலேயே பிறந்து வளர்ந்த கால் ஒரு நாள் முழுக்க ஏற்ற இறக்கம் தாங்குமா என்பது இரண்டாவது. ஒரு பெண் தனியாகப் போகலாமா என்பது மூன்றாவது. அதை நீங்கள் நேராக எழுதவில்லை. வீட்டார் பைத்தியம் என்று சொல்வது அதைத்தான்.

நான் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், தஞ்சாவூர்வாசி. மாணவர்களை நார்த்தாமலைக்கும் பெரம்பலூர் பக்கத்துக் காரை கிராமத்துக்கும் பச்சைமலைக்கும் பாறை பார்க்க அழைத்துப் போவது பல வருஷம் என் வேலையாக இருந்தது. அதற்கு முன்னால் தனியாகப் போய் வழி பார்த்து வருவதும் வழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்து பேசுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது, வனத்துறைக்காரியும் இல்லை. அந்த இரண்டும் வருகிற இடத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகத் தனியாகப் போகலாம். ஆனால் உயரமான மலை வேண்டாம், காட்டு மலையும் வேண்டாம். உச்சியில் நின்றால் கீழே ஊரும் ஆடு மேய்ப்பவர்களும் கண்ணில் படுகிற மொட்டைப் பாறை மலையாகப் பாருங்கள். உங்களுக்கு நான் சொல்வது புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசிவிடலாம். நம் டெல்டா எவ்வளவு தட்டை என்பது அங்கேயே வாழ்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் உயரம், மயிலாடுதுறை பத்து மீட்டர் சொச்சம். இரண்டுக்கும் நடுவில் 35 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அவ்வளவு தூரத்தில் தரை இறங்குவது ஐந்து மாடி உயரம்கூட இல்லை. ‘மலை’ என்று பெயர் வைத்த சுவாமிமலைக்கே மலையைக் கட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒன்றாக அறுபது படி. அதனால் நீங்கள் தினமும் நடப்பது மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இறங்குவதற்கு அது பயிற்சியே இல்லை.

மலை என்றதும் எல்லாரும் ஏறுவதைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறங்குவதுதான் வேலை. இறங்குகையில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் அப்போது கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்படும். வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் வரும். இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு: ஒரே ஒரு தடவை அப்படி இறங்கிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைத் தசை அவ்வளவு வலியில்லாமல் செய்யும். ஆகவே மலைக்குப் போகும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் திருச்சி மலைக்கோட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள். நானூற்றுக்கு மேல் படிகள், பாறையின் உயரம் 83 மீட்டர். நிதானமாக ஏறி, கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிப் பாருங்கள். போகிற வழியில் திருவெறும்பூர் மலைக்கோயிலும் இருக்கிறது, சின்னக் குன்று. குளித்தலை பக்கம் அய்யர்மலைக்கு 1,017 படி. அது பயிற்சிக்கு மேலேயே ஆகிவிடும். மலைக்கோட்டையில் கால் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். படி இறங்குகையில் முட்டிக்குள் குத்துவது தசை வலி இல்லை. அப்படி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மலையைப் பற்றி யோசிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் அதிகம் பிரிய வைக்கிற வகை மாத்திரை வெயிலோடு சேர்ந்தால் தலை சுற்றவைக்கும்.

இனி இடம். தனிமை, குளிர், பச்சை என்றால் யாரும் சட்டென்று சொல்வது கொல்லிமலையும் பச்சைமலையும்தான். கொல்லிமலை உயரம் 1,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி சொச்சம் வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு, ஆகவே அங்கே சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நீடாமங்கலத்திலிருந்து ஒரே நாளில் போய், 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, நடந்து, இரவு வீடு திரும்புவது நடக்காத காரியம். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து மேலே ஏறுகிற காட்டுப்பாதையை, தனியாகப் போகிறவருக்கு, அதுவும் முதல் தடவை போகிறவருக்கு, நான் சொல்லவே மாட்டேன். பச்சைமலை துறையூரிலிருந்து கிட்டம்தான். டாப் செங்காட்டுப்பட்டி வரை தார்ச்சாலையும் உண்டு. அந்தச் சாலையோடு நடந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சாலையை விட்டு அருவிப் பக்கமாக உள்ளே இறங்கினால் காப்புக்காடு வந்துவிடும். 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கே அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டு 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024-லிருந்து அரசே இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிற பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டி பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றும் ஒரு நாளில் அதைப் பாருங்கள். மற்றபடி காட்டில் தனியாக நடக்கிறவருக்கு ஆபத்து மிருகத்தால் வருவது குறைவு. கால் பிசகி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்காது, கைப்பேசியில் சிக்னலும் இருக்காது. அங்கேதான் விஷயம்.

நார்த்தாமலையில் அந்தத் தொல்லை இல்லை. திருச்சி–புதுக்கோட்டை சாலையில் கீரனூர் தாண்டி, புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் முன்னால், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது ஊர். அதைச் சுற்றி ஒன்பது குன்றுகள் என்பது கணக்கு: மேலமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று வரிசையாகப் போகும். எல்லாம் சில நூறு அடி உயரம்தான். பெரும்பாலும் வெறும் பாறை. வழி தவறினாலும் எங்கே நிற்கிறோம் என்று சுற்றிப் பார்த்தால் புரிந்துவிடும். கோயிலோ கண்மாயோ சாலையில் போகிற லாரியோ ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அப்படியும் தனிமைக்குக் குறைவில்லை. வார நாளில் மேலமலையின் மேல்பாகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரும் வரமாட்டார்கள்.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டை, பிறகு திருச்சி பஸ்ஸில் ஏறி நார்த்தாமலை நிறுத்தம். மூன்று பஸ். நாலு மணிக்குக் கிளம்பினாலும் எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேர்வது கஷ்டம். அதற்குள் வெயில் ஏறிவிடும். முடிந்தால் முதல் நாள் ராத்திரியே புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை மணி தாண்டிவிடும். ஏழு மணிக்குப் பாறையில் கால் வைத்தால் பொழுது கைவசம் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: தட்டையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள். நார்த்தாமலையில் மேலமலை, கடம்பர்மலை இரண்டையும் ஊரையும் சுற்றி வந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பீர்கள். ஏற்றமெல்லாம் சேர்த்தாலும் 300 மீட்டருக்குள் இருக்கும். அந்தக் கணக்குப்படி மூன்று மணி நேரம். ஆனால் அது குளிர்நாட்டுக் கணக்கு, நிற்காமல் நடக்கிறவருக்குச் சொன்னது. நம் வெயிலுக்கும், நின்று பார்த்து நடப்பதற்கும் நான் எப்போதும் இரட்டிப்பாக்கிக்கொள்வேன். ஆறு மணி நேரம். காலையில் நாலரை, நடுப்பகலில் நிழலில் ஓய்வு, மூன்று மணிக்கு மேல் மீதி என்று பிரித்தால் சரியாக வரும்.

காலையில் மேலமலைக்கே போங்கள். அதற்குக் காரணம் உண்டு. பாதி ஏறியதும் ஒரு பாறைத்தட்டில் விஜயாலய சோழீசுவரம் இருக்கிறது. பெயரில் சோழன் இருந்தாலும் 9-ஆம் நூற்றாண்டில் கட்டியவர் முத்தரையர் வழியில் வந்த ஒருவர். மழையால் இடிந்ததை இன்னொருவர் எடுத்துக் கட்டினார் என்று கல்வெட்டே சொல்கிறது. கருவறை உள்ளே வட்டமாக இருக்கும். கோயில் மேற்குப் பார்த்தது. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள், அவை கிழக்குப் பார்த்தவை. ஆகவே காலை வெயில் நேராகக் குடைவரைக்குள் விழும். சமணர் குடகு என்று சொல்கிற பெரிய குடைவரையில் ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. பத்து மணிக்குள் பார்த்தால்தான் செதுக்கல் தெரியும், உச்சிவேளையில் எல்லாம் தட்டையாகிவிடும். கோயில் யாத்திரை வேண்டாம் என்றீர்கள். இங்கே கும்பிடு போட வேண்டிய கட்டாயமில்லை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற இடம் என்பதால் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவர் இருப்பது உங்களுக்கு நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பாறையில் எப்படி நடப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டல் மண்ணில் நடந்த காலுக்கு இது முற்றிலும் வேறு. இது ஒரு காலத்தில் பூமிக்குள் ஆழத்தில் இருந்த பாறை. மேலே இருந்த சுமை கோடிக்கணக்கான வருஷங்களில் அரித்துப் போனதும், அழுத்தம் விட்டு, வெங்காயத் தோல் உரிவதைப் போல ஏடு ஏடாக உரிகிறது. அதனால்தான் குன்றுகள் இப்படி மொழுக்கென்று வளைந்திருக்கின்றன. உரிந்த ஏடு சில இடத்தில் இன்னும் முழுதாக விழாமல், சாய்வில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கைத்தடியால் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் வரும். அதன் மேல் ஏறாதீர்கள், அதன் விளிம்பைப் பிடிக்கவும் வேண்டாம். இரண்டாவது, பொருக்கு. பாறை உதிர்ந்து அரிசிக் குருணை அளவுக்குக் கிடக்கிற மணல். சாய்ந்த பாறையில் அது ஒரு கைப்பிடி கிடந்தாலும் செருப்பு வழுக்கும். மூன்றாவது, கறுப்புப் பட்டை. மழைநீர் வழிகிற இடமெல்லாம் மேலிருந்து கீழாகக் கறுத்த கோடுகள் தெரியும். அது நுண்ணுயிர்ப் படலம். காய்ந்திருக்கும்போது கால் நன்றாகவே பிடிக்கும். ஒரு தூறல் விழுந்துவிட்டால், அல்லது மார்கழிப் பனி காயாத நேரத்தில், அதில் கால் வைத்தால் நிற்கவே முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் போதும்: காய்ந்த, வெளிறிய, சொரசொரப்பான பாறையில் முழுப்பாதமும் படும்படி நடங்கள். இறங்கும்போது சாய்வு அதிகமாகத் தெரிந்தால் நேராக இறங்காமல் குறுக்காகப் போய்ப் போய் இறங்குங்கள். உட்கார்ந்து நகர வேண்டிய இடம் வந்தால், அது வழி இல்லை என்று அர்த்தம். திரும்பி வேறு பக்கம் பாருங்கள்.

மேலே சுனைகள் இருக்கும். மேலமலையில் ஒரு சுனையின் தண்ணீருக்கு அடியில் குடைவரையும் லிங்கமும் உண்டு, தண்ணீரை இறைத்தால்தான் தெரியும். எட்டிப் பார்க்கலாம், விளிம்பில் நிற்க வேண்டாம், தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். குன்றுகளைச் சுற்றிக் கல்குவாரிகளும் உண்டு. வேலை நின்றுபோன குவாரிக் குழி, கரை செங்குத்தாக, அடியில் பச்சைத் தண்ணீரோடு இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நார்த்தாமலைக்குப் பக்கத்தில் பசுமலைப்பட்டியில் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளம் இருந்தது. 2021 டிசம்பரில் அங்கிருந்து வந்த குண்டு பட்டு ஒரு சிறுவன் சில நாளில் இறந்துபோனான். பயிற்சி உடனே நிறுத்தப்பட்டது. அப்படியும், எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் வேண்டாம் என்று ஊர்க் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவதுதான் முறை.

மலையைப் பற்றி உங்களிடம் பலர் பலதும் சொல்வார்கள். எதை எடுத்துக்கொள்வது, எதைச் சிரித்துவிட்டு விடுவது என்று பிரித்துச் சொல்கிறேன். அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டுதான் நார்த்தாமலை, அதனால் மூலிகைக் காற்று பட்டால் நோய் போகும் என்பார்கள். கதை அழகு. காற்றால் நோய் போகும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்பதற்கு நிறைய உண்டு. இந்தப் பக்கத்துப் பாறைக்கு 380 கோடி வயது என்று மலைக்கோட்டையைக் காட்டிச் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். இமயமலை எழத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி வருஷம்தான், இந்தப் பாறைகள் அதைவிடப் பல மடங்கு மூத்தவை என்பது மட்டும் நிச்சயம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் இங்கிருந்துதான் போனது என்பது? தஞ்சாவூரைச் சுற்றி அந்தக் கல் கிடையாது, தெற்கும் மேற்கும் உள்ள இந்தக் குன்றுகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது வரை உறுதி. இன்ன குன்றில் இன்ன இடத்தில் வெட்டினார்கள் என்று ஒருவர் விரலை நீட்டிக் காட்டினால், அது அவருடைய ஆசை.

வெயில் விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. டெல்டாவில் நடக்கும்போது அரை கிலோமீட்டருக்குள் ஒரு புங்கமரமோ டீக்கடையோ வாய்க்காலோ வந்துவிடும். அந்த நம்பிக்கையில் கையை வீசிக்கொண்டு நடப்போம். பாறையில் அது கிடையாது. வெயில் தலைக்கு மேலிருந்தும் அடிக்கும், காலடிப் பாறையிலிருந்தும் அடிக்கும். கடுமையாக நடந்தால் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், கையிருப்பு ஒரு லிட்டர். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். ஒரு புட்டியில் உப்புப் போட்ட நீராகாரம் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதம்தான் மேல். தயிர்சாதம் நடுப்பகலுக்குள் புளித்துவிடும். கட்டியே ஆகவேண்டும் என்றால் பால் ஊற்றிப் பிசைந்து கட்டுங்கள். உடம்பு சுட்டு, பேச்சு குழறினால், வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும் அது சாதாரணக் களைப்பு இல்லை. தனியாகப் போகிறவர் அந்தக் கட்டத்துக்கு வரவே கூடாது. தலை லேசாக வலித்த உடனே நிழலில் உட்கார்ந்துவிடுங்கள், அன்றைய நடையை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். தை, மாசி இரண்டும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழைக்காலம். சித்திரை, வைகாசியில் போகவே வேண்டாம். வெயிலும் கொல்லும், பிற்பகல் இடிமழையும் உண்டு. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா, ஊரே நிரம்பிவிடும். மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே இறங்க ஆரம்பிக்க வேண்டும். பாறை விளிம்புக்கு அடியில் ஒண்டுவது பாதுகாப்பு இல்லை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும்.

இனி மூன்றாவது கேள்வி. பாம்பைவிட மனிதரை நினைத்துத்தான் பயம், உங்களுக்கும் வீட்டாருக்கும். அது நியாயமான பயம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் குன்றுகளில் பையன்கள் கூட்டமாக வருவார்கள், பாட்டிலும் வரும். உடைந்த கண்ணாடியைப் பாறை இடுக்கில் எப்போதும் பார்க்கலாம். செவ்வாய், புதன் மாதிரி வார நாளில் காலையில் போனால் இருப்பது ஆடு மேய்ப்பவர்களும் கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆளும்தான். தனிமை வேண்டும் என்பதற்காக அவர்களைத் தவிர்க்காதீர்கள். போனதும் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். எந்த ஊர், எந்தப் பக்கம் ஏறப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று சொல்லுங்கள். அங்கே ஆடு மேய்க்கிற பெண்கள் நிறையப் பேர். “தனியாவா வந்தே? வீட்டுக்காரர் வரலியா?” என்று கேட்பார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லலாம். அதே கேள்வியை ஒரு ஆண் கேட்டால், “பின்னால வர்றாங்க” என்று சொல்லிவிட்டு நடங்கள், அதில் பொய் பாவம் ஒன்றும் இல்லை. ஒருவன் பின்தொடர்வதாகத் தோன்றினால் உச்சியை நோக்கிப் போகாதீர்கள், ஊரை நோக்கி இறங்குங்கள். சந்தேகம் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. வீட்டில் ஒருவரிடம் வழியையும், எந்த மணிக்குப் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். “பைத்தியமா” என்கிற பேச்சு பாதி அதிலேயே அடங்கிவிடும்.

கழிப்பறை பற்றி யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். புதுக்கோட்டையில் பஸ் ஏறும் முன்பே போய்விட்டு வந்துவிடுங்கள். மேலே பாறை மறைவு தாராளமாக உண்டு. குச்சியால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தீர்கள் என்றால் மேலே சொன்னது அத்தனையும் வீண். உடைக்குச் சுடிதார் அல்லது பேன்ட், பருத்தியில். துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொள்ளலாம், தொங்கவிட்டால் சூரைமுள் இழுக்கும். பிடிப்புள்ள ஷூ அவசியம், புதியது வேண்டாம்.

பாம்பு உண்டு. கல் நிறைந்த வறண்ட நிலம் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம். பார்க்காமல் கையையோ காலையோ வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாம்பைவிடக் கதண்டு என்கிற பெரிய குளவியும் மலைத்தேனீயும்தான் பொல்லாதவை. கதண்டு உங்களுக்குத் தெரிந்ததே, நம் ஊர்ப் பனைமரத்தில் இருக்கிறது. மலைத்தேனீ பாறை முகட்டின் அடியில் பெரிய அடையாகத் தொங்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அடை தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு இப்போதைக்கு முடியாது என்று தோன்றினால் தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டுக்குப் போய்ப் பாருங்கள். மலை இல்லை, செம்புறாங்கல் மேடு. ஆனால் வண்டல் முடிந்து, காலடியில் சிவப்பு மண் ஆரம்பிப்பதை அங்கே பார்க்கலாம். கொள்ளிடத்து மணலில் நடக்கலாமே என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, மேலே உபரி நீர் திறந்தால் உங்களுக்கு யாரும் வந்து சொல்லப்போவதில்லை. கரை மேலோடு நடப்பதென்றால் சரி.

நாலரை மணிக்கு மேல் எந்தக் குன்றிலும் இருக்காதீர்கள். ஜனவரியில் ஆறு மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் நெடுஞ்சாலைக்கு வந்து பஸ் பிடித்தால்தான் தஞ்சாவூரில் நீடாமங்கலம் பஸ் கிடைக்கும். நிறுத்தத்தில் எல்லா பஸ்ஸும் நிற்குமா என்று காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தொடை வலித்தால் படுத்துவிடாமல் மூணாறு தலைப்பு வரை மெதுவாக நடங்கள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். வலி முட்டியில் என்றால் நடக்காதீர்கள்.